பெரியக்கா சைடு

"நான் பதட்டம் பேசுறேன். வயசு இருபத்தாறு. இப்ப லேப் வாசல்ல, பஸ் நிக்கிற இடத்துல நிக்கிறேன்."

வீட்டுக்கு அவன் அனுப்பும் செய்தி எதுவானாலும் இப்படித்தான் தொடங்கும். ஏழு வயதில் ஒரு கூட்டத்தில் தொலைந்துபோனான். ஒரு மணி நேரம் கழித்து அவனைக் கண்டெடுத்த பெரியக்கா முதலில் காதைத் திருகினாள், பிறகு பாடம் சொன்னாள். "தொலைஞ்சா அழக் கூடாது. பேரு, வயசு, எங்க நிக்கிறேன், மூணையும் சொல்லணும். கடைசியில என்ன வேணும்னு கேக்கணும். புரிஞ்சுதா?" புரிந்தது. பத்தொன்பது வருடமாகியும் மறக்கவில்லை. பதட்டம் என்ற பேரும் அவள் வைத்ததுதான். சொந்தப் பேரை அம்மாகூட யோசித்துத்தான் சொல்வாள்.

இப்போது கடல் தாண்டி ஓர் ஊரில், ஓர் ஆய்வகத்தின் மூன்றாவது மாடியில் வேலை பார்க்கிறான். பாட்டில் நிரப்பும் கம்பெனிகள் பாட்டில்களை ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டுக் கழுவுவார்கள். கிருமி சாக வேண்டும், ஆனால் கிருமியைக் கொன்றது பாட்டிலில் தங்கிவிடக் கூடாது. அதனால் கடைசியாக அலசிய தண்ணீரைக் கொஞ்சம் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். அதில் பெராக்சைடு மிச்சம் இருக்கிறதா, இருந்தால் எவ்வளவு என்று சொல்வது பதட்டத்தின் வேலை. இதைவிடப் பொருத்தமான வேலையை அவனுக்கு யாரும் தேடிக் கொடுத்திருக்க முடியாது. ஒன்றும் இல்லாத இடத்தில் ஏதாவது இருக்குமோ என்று கவலைப்படுவதற்குச் சம்பளம்.

செய்தியை அவன் விரலால் தட்டுவதில்லை, வாயால் சொல்வான். ஃபோன் அதை எழுத்தாக்கும். அம்மாவின் ஃபோனில் ஸ்பீக்கர் போய் ஒரு வருடமாகிறது. குரலை அனுப்பினால் அவளுக்குக் காற்றுதான் வரும். எழுத்தாக வந்தால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படிப்பாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான் ஃபோனை வாயருகே பிடித்துப் பேசினான். பாதியில் பஸ் வந்துவிட்டது. படித்துப் பார்க்காமல் அனுப்பிவிட்டு ஓடிப்போய் ஏறினான்.

ஃபோன் மேல் பெரிய குற்றம் சொல்ல முடியாது. அவன் அதனிடம் எட்டு மாதமாக அதிகம் சொன்ன சொல் 'பெரியக்கா'தான். பெரியக்கா சாப்பிட்டாளா, பெரியக்கா ஏன் பேசவில்லை, பெரியக்காவிடம் சொல்லுங்கள். 'பெரா' என்று அவன் வாயெடுத்ததுமே அது மீதியைத் தானாக முடித்துவைத்தது. 'நம்ம வீடு' என்ற குடும்ப குரூப்பில் போய் விழுந்த செய்தி இது:

"நான் பதட்டம். வயசு இருபத்தாறு. லேப் வாசல்ல நிக்கிறேன். ஒரு வாரமா பெரியக்கா சைடு வேலைதான். அளந்து அளந்து கை ஓஞ்சு போச்சு. பெரியக்கா சைடு ஒரு துளி மிச்சம் இருந்தாலும் ஆபத்து. ஒட்டுமொத்தமா கழுவி வெளிய ஊத்திடணும். கண்டுபிடிக்கறது சுலபம். பெரியக்கா சிடுசிடுன்னு ஒண்ணை உள்ள விட்டா போதும், எல்லாம் செவந்துடும். எல்லாரும் நேரத்துக்குச் சாப்பிடுங்க. யாராவது பதில் போடுங்க."

வேறொரு மாதமாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். இந்த மாதம் வீடே இரண்டாகப் பிரிந்து கிடந்தது. பதட்டத்தைப் பார்க்க முதலில் யார் போவது என்பது சண்டை. பெரியக்கா நான்தான் என்றாள். சின்னக்கா, "ஏன், நான் என்ன தவிட்டுக்கா வந்தேன்?" என்றாள். அம்மா பெரியக்கா சைடு. சின்னக்காவின் கணவர், சின்ன மாமா, வேறு வழியில்லாமல் சின்னக்கா சைடு. பதட்டம் மட்டும் "நான் எந்த சைடும் இல்ல, எனக்கு ரெண்டு கண்ணும் ஒண்ணுதான்" என்று நழுவிக்கொண்டிருந்தான். ஒருவழியாகப் பெரியக்கா டிக்கெட் போட்டுவிட்டாள். அடுத்த வாரம் சனிக்கிழமை வந்து இறங்குகிறாள், பதினைந்து நாள் தங்குகிறாள். பதட்டம் அறையைக் கூட்டித் துடைத்து, இரண்டாவது தலையணை வாங்கி, அதற்கு உறையும் போட்டுவைத்திருந்தான். எட்டு மாதமாக அந்த அறையில் அவனைத் தவிர யாரும் தமிழில் தும்மியதுகூட இல்லை.

பஸ்ஸிலிருந்து இறங்கி ஃபோனைப் பார்த்தபோது சின்னக்கா ஏழு இதயங்கள் போட்டிருந்தாள். கீழே, "என் தம்பின்னா தம்பிதான்! மனசுல இருந்தது வெளிய வந்துடுச்சு பாத்தீங்களா!"

சின்ன மாமா, "மாப்ள, கழுவி ஊத்தறது எல்லாம் கொஞ்சம் ஓவர்" என்று எழுதி, பக்கத்தில் ஒரு சிரிப்பும் வைத்திருந்தார்.

பெரியக்காவிடமிருந்து ஒன்றும் இல்லை.

 பதட்டம் நடந்துகொண்டே அடுத்ததைச் சொன்னான். இந்த முறை ஜாக்கிரதையாக, அனுப்பும் முன் முதல் வரியைப் படித்துப் பார்த்தான். முதல் வரி சரியாக இருந்தது. அனுப்பினான்.

"அக்கா, தப்பா எடுத்துக்காத. நான் சொன்னது பெரியக்கா சைடு இல்ல, பெரியக்கா சைடு! பாக்கத் தண்ணி மாதிரி சாதுவா இருக்கும். மேல பட்டா தோல் வெளுத்துடும். அதனால மூடி போட்டு, வெளிச்சம் படாம இருட்டுல வச்சிடுவோம். அப்பதான் யாருக்கும் தொந்தரவு இல்ல."

நான்கு நிமிடம் கழித்து குரூப்பில் சாம்பல் நிறத்தில் ஒரு வரி வந்தது. பெரியக்கா வெளியேறினார்.

அதன் பிறகு அவன் வாயைக் கட்டிக்கொண்டு விரலை நம்பினான். பெராக்சைடு என்றால் என்ன, ஃபோன் எப்படிக் கவிழ்த்தது, தன் மனதில் என்ன இருக்கிறது என்று நாலு பக்கம் தட்டிப் பெரியக்காவுக்குத் தனியாக அனுப்பினான். படித்துவிட்டாள் என்பதற்கு இரண்டு நீலக் கோடுகள் வந்தன. பதில் வரவில்லை. கூப்பிட்டான், எடுக்கவில்லை. புதன் போயிற்று. வியாழக்கிழமை அம்மாவைக் கூப்பிட்டான். அவள் வழக்கம்போலப் பக்கத்து வீட்டு ஃபோனில் வந்தாள்.

"அம்மா, பெரியக்கா என்ன பண்றா?"

"துணி மடிக்கிறாடா."

"கோவமா இருக்காளா?"

"கோவமா? சேச்சே. ஒரு கோவமும் இல்ல. சிரிச்ச முகமா இருக்கா."

"நெஜமாவா?"

"சின்னவ நேத்து வந்து, 'என்னக்கா, உன்னை இருட்டுல மூடி வைக்கணுமாமே'ன்னு வம்புக்கே இழுத்தா. அதுக்கும் சிரிச்சுட்டுப் போறா. நானே அசந்துட்டேன். உனக்குத்தான் எப்பவும் பதட்டம். போய் வேலையப் பாரு."

அப்பாடா என்றிருந்தது. அன்று அவன் நன்றாகத் தூங்கினான். அதற்காகப் பிறகு வெட்கப்பட்டான்.

வெள்ளிக்கிழமை காலை பன்னிரண்டு குப்பிகள் வந்திருந்தன, எல்லாம் ஒரே கம்பெனி அலசல் தண்ணீர். பதட்டம் கையுறை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான். இந்த வேலை அவனுக்குப் பிடிக்கும். ஃபோன் 'பெரியக்கா சிடுசிடு' ஆக்கிய பெராக்சிடேஸ் ஒரு என்சைம். கடித்தால் மூக்கில் ஏறிக் கண்ணில் தண்ணீர் வரவைக்கும் ஒரு காட்டமான வேரிலிருந்து எடுப்பது. ஐஸில்தான் வைக்க வேண்டும், சூடு ஆகாது. கூடவே நிறமில்லாத ஒரு சாயம் உண்டு, அதற்கு வெளிச்சம் ஆகாது. இரண்டையும் கலந்து தண்ணீரில் விட்டால், அதில் பெராக்சைடு இருந்தால் மட்டும் என்சைம் அதை எடுத்துச் சாயத்தின் மேல் பிரயோகிக்கும், சாயம் இளஞ்சிவப்பாகும். பெராக்சைடு எவ்வளவோ அவ்வளவு சிவப்பு. உள்ளங்கை அகலத் தட்டில் தொண்ணூற்றாறு சின்னக் குழிகள். முதல் வரிசையில் அளவு தெரிந்தவை: ஒன்றுமில்லாதது, கொஞ்சம், இன்னும் கொஞ்சம், நிறைய. வெள்ளையில் தொடங்கி வெட்கப்பட்ட கன்னம் வரை படிப்படியாக நிற்கும். அவற்றோடு மற்றதை ஒப்பிட்டு மெஷின் கணக்கு சொல்லும்.

பதினொரு குப்பிகள் மெல்லச் சிவந்தன. எல்லாம் அனுமதித்த அளவுக்குள். ஆறாவது மட்டும் பளிங்காக நின்றது.

"ஆறாவது சுத்தம்," என்று சொல்லிக்கொண்டே தாளில் எழுதப் போனான்.

பக்கத்து மேசைக்காரி திரும்பிப் பார்த்தாள். அவனோடு ஒரே மாதத்தில் சேர்ந்தவள். தமிழ் பேசுகிறவள் என்று சேர்ந்து மூன்று மாதம் கழித்து, கையில் கண்ணாடிக் குழாய் உடைந்த அன்றுதான் தெரிந்தது. அவள் திட்டிய திட்டு அப்படி.

"எவ்வளவு சுத்தம்?"

"ஒண்ணுமே இல்ல. பச்சத் தண்ணி."

"மத்த பதினொண்ணுலயும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கு. இது மட்டும் எப்படிய்யா இவ்வளவு யோக்கியம்?"

"நல்லா கழுவியிருப்பாங்க."

"கலக்கறப்ப பாத்தியா? மொதல்ல என்ன ஆச்சு?"

பதட்டம் யோசித்தான். "ஒரு நொடி லேசா செவந்த மாதிரி இருந்துச்சு. அப்புறம் காணோம். கண்ணு ஏமாத்துதுன்னு நெனச்சேன்."

"உன் கண்ணு எதுக்கு உன்னை ஏமாத்துது, அதுக்கு வேற வேலை இல்லயா? அளவு தெரிஞ்சதுல ஒரு துளி எடுத்து அதுல விடு. நெஜமா பச்சத் தண்ணின்னா, விட்ட துளிக்காவது செவக்கணும்ல?"

புதிதாக ஒரு குழியில் ஆறாவதை ஊற்றி, அளவு தெரிந்த பெராக்சைடில் ஒரு துளியும் சேர்த்து, கலவையை விட்டான். இருவரும் குனிந்து பார்த்தார்கள். ஒரு மினுக்கு. அப்புறம் வெள்ளை.

"வம்புக்கு இழுத்தும் சிரிக்குது பாத்தியா," என்றாள் அவள். "இது இல்லாதது இல்ல. இது எக்கச்சக்கம். அளவுக்கு மேல போனா, வந்த செவப்பையே அது தின்னுடும். என்சைமும் படுத்துடும். பாக்கறவனுக்கு ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும். நூறு மடங்கு தண்ணி விட்டுக் கலக்கிப் பாரு."

பதட்டத்தின் கையில் துளி எடுக்கும் பிப்பெட் அப்படியே நின்றது.

"என்ன?"

"இப்ப என்ன சொன்ன?"

"நூறு மடங்கு தண்ணி விடச் சொன்னேன்."

"அதுக்கு முன்னாடி."

"வம்புக்கு இழுத்தும் சிரிக்குதுன்னேன். ஏன்யா மூஞ்சி இப்படி ஆகுது?"

"எங்க அக்கா துணி மடிக்கிறா," என்றான் பதட்டம். அடுத்த நொடி, பெட்டியில் வைப்பதற்கு மடிக்கவில்லை, பெட்டியிலிருந்து எடுத்து அலமாரிக்கு மடிக்கிறாள் என்பது விளங்கிவிட்டது.

அவளிடம் முழுக் கதையும் சொன்னான். ஃபோனில் செய்தியையும் காட்டினான். 'பெரியக்கா சிடுசிடுன்னு ஒண்ணை உள்ள விட்டா' என்ற இடத்தில் அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்புறம் என்ன செஞ்ச?" என்றாள்.

"நாலு பக்கம் எழுதி அனுப்பினேன்."

"ஏற்கெனவே வழியுது, நீ அதுல இன்னும் ஒரு குடம் ஊத்தியிருக்க. கம்மியா விடுய்யா. ஒரு துளி. அது செவக்குதா பாரு. அப்புறம் அடுத்தது."

நூறு மடங்கு நீர்த்த ஆறாவது குப்பி, கலவையை விட்டதும் பளீரென்று சிவந்தது. மெஷின் சொன்ன எண்ணை நூறால் பெருக்கியபோது அனுமதித்த அளவைப் போல நாற்பது மடங்கு வந்தது. மேலாளருக்குச் சொல்லி, அவர் கம்பெனிக்குச் சொல்லி, ஒரு குழாயில் கடைசி அலசலே நடக்கவில்லை என்று அரை மணியில் பதில் வந்தது. பாட்டில்கள் வெளியே போகவில்லை. மேலாளர் பாராட்டினார். பதட்டம் தலையாட்டினான், ஆனால் அவன் மனது அங்கே இல்லை. சனிக்கிழமைக்கு இன்னும் எட்டு நாள்.

பதினொரு மணிக்கு விரலால், ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துத் தட்டிப் பெரியக்காவுக்கு அனுப்பினான்.

"நான் பதட்டம்."

அவ்வளவுதான். நீலக் கோடுகள் வந்தன, பதில் இல்லை. பன்னிரண்டு மணிக்கு அடுத்த துளி.

"வயசு இருபத்தாறு."

ஒரு மணிக்கு எங்கே நிற்கிறான் என்று அனுப்ப நினைத்திருந்தான். ஆனால் கம்பெனிக்காரன் புதிதாக அலசி எட்டுக் குப்பிகளை ஆள் மூலமே அனுப்பிவிட்டான். கலவையை ஐஸிலிருந்து எடுத்தாகிவிட்டது, சாயம் காத்திருக்காது. ஃபோனை மேலங்கியோடு மாட்டிவிட்டுக் கையுறை போட்டவன், மூன்று மணிக்குத்தான் கழற்றினான்.

தவறிய அழைப்புகள் பதினேழு. எல்லாம் பெரியக்கா.

கூப்பிட்டான். முதல் மணி அடித்து முடிவதற்குள் எடுத்தாள்.

"எங்கடா நிக்கிற?"

"அக்கா..."

"பேரு சொன்ன, வயசு சொன்ன, எங்க நிக்கிறேன்னு ஏன் சொல்லல? ரெண்டு மணி நேரமா ஃபோன வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். தொலைஞ்சுட்டியா? அடிபட்டுட்டியா? எந்த ரோட்ல கெடக்கிற?"

"லேப்லதான்க்கா நிக்கிறேன். கையுறை போட்டிருந்தேன்."

 மறுமுனை சிவக்கத் தொடங்கியது.

"கையுறையா? இங்க நான் செத்துப் பொழைச்சிருக்கேன், நீ கையுறை போட்டுக்கிட்டு நிக்கிறியா? ஏண்டா, என்னைக் கழுவி ஊத்தணுமா? நான் என்ன பழைய கொழம்பா? என் கை மேல பட்டா உனக்குத் தோல் வெளுத்துடுமா? உனக்குக் குளிப்பாட்டி விட்ட கைடா இது! எட்டு வயசு வரைக்கும் தலை துவட்டத் தெரியாது உனக்கு!"

"அக்கா, அது பெராக்சைடு..."

"நாலு பக்கம் எழுதியிருந்த, படிச்சேன். பேப்பர்க்காரன்கூட அவ்வளவு எழுத மாட்டான். நாலு பக்கம் எழுதறவன் சமாளிக்கத்தான் எழுதறான்னு தெரியாதா எனக்கு? அந்தச் சின்னவ ஏழு இதயம் போடுறா. ஏழு! என் பொறந்தநாளுக்குக்கூட அவ ஒண்ணுதான் போட்டா."

அவள் திட்டத் திட்ட பதட்டத்தின் முகம் மலர்ந்தது. ஆய்வக வராந்தாவில் அங்கும் இங்கும் நடந்தபடி ஒவ்வொன்றுக்கும் 'ம்' கொட்டினான். பக்கத்து மேசைக்காரி கதவு வழியாக எட்டிப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். அவன் கட்டை விரலை உயர்த்தி, ஃபோனைக் கையால் மூடிக்கொண்டு, "நல்லா செவக்குது," என்றான்.

முப்பத்தெட்டு நிமிடம் ஓடியது. கடைசியில் பெரியக்காவுக்குத் தொண்டை காய்ந்தது. தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது.

"அக்கா, பெட்டியில இருந்து துணிய எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன். எடுக்காம?"

"திரும்ப வைப்பியா?"

"அது என்னமோ சொன்னியே, அந்தச் சைடு. அதை என் கண்ணால பாக்கணும். நெஜமாவே அப்படி ஒண்ணு இருக்கான்னு. இல்லன்னு மட்டும் தெரிஞ்சுது, காது இருக்காது உனக்கு." இன்னொரு மடக்குத் தண்ணீர் குடித்தாள். "தலையணை வாங்கினியா?"

"வாங்கிட்டேன். உறையும் போட்டாச்சு."

"எனக்குக் கெட்டியா இருக்கணும்."

"கெட்டிதான்க்கா."

அந்த வாரம் முழுவதும் அவன் ஃபோனுக்குப் பாடம் நடத்தினான். பஸ்ஸில், படியில், பல் விளக்கும்போது, "பெராக்சைடு, பெராக்சைடு" என்று சொல்லி, அது தப்பாக எழுதிய ஒவ்வொரு முறையும் திருத்தினான். புதன்கிழமை வாக்கில் அது திருந்திவிட்டது.

சனிக்கிழமை விமான நிலையம் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, வீட்டுக்குச் செய்தி சொன்னான். இந்த முறை அனுப்பும் முன் முழுவதும் படித்தான். "பெராக்சைடு இன்னும் ஒரு மணி நேரத்துல வந்து எறங்குறா" என்று இருந்தது. பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்க்கும்படி தனியாகச் சிரித்தான். அப்புறம் அந்த ஒரு சொல்லை அழித்து, விரலாலேயே தட்டினான்.

"நான் பதட்டம். வயசு இருபத்தாறு. ஏர்போர்ட் போற பஸ்ல, ஜன்னல் பக்கம் உக்காந்திருக்கேன். பெரியக்கா இன்னும் ஒரு மணி நேரத்துல வந்து எறங்குறா. சின்னக்கா, அடுத்த வருஷம் நீதான், இப்பவே சொல்லிட்டேன், யாரும் சைடு பிரிக்காதீங்க. பெரியக்கா இன்னும் குரூப்புக்கு வெளியதான் இருக்கா. சேக்கறதுக்கு எனக்கு வழியில்ல, அட்மின் சாவி சின்ன மாமா கையில இருக்கு. இதைப் படிக்கிறவங்க யாராவது மாமாவை எழுப்பி, பெரியக்காவைத் திரும்பச் சேத்துவிடச் சொல்லுங்க."